கைசர்ஸ்வேர்த்: றைன் நதியோரத்து ஒரு சிறிய ஊர்

(சபையின் ஆண்டு விழாக் கூடுகையில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா முடிந்து அடுத்த சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் கைசர்ஸ்வேர்த் என்ற ஊருக்குப் போகிறோம். போகிற இடத்தைப் பற்றி முன்கூட்டியே யாராவது சொன்னால் நல்லது என்று மூப்பர்மார் நினைத்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே படித்து, இருபது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்கிறவள் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரைப் பற்றிச் சொல்ல ஏன் ஒரு தாதி என்று பிள்ளைகள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் அரசர்களையும் கோட்டையையும் பார்த்துவிட்டு அங்கே வருவோம்.

ஊரின் பெயரில் இருந்து தொடங்குவோம். "கைசர்" என்றால் பேரரசர் என்று உங்களுக்குத் தெரியும். "வேர்த்" என்பது பழைய ஜேர்மன் சொல். ஆற்றின் நடுவே இருக்கிற தீவு என்று பொருள். தமிழில் அதற்குத் துருத்தி என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. ஆக, பேரரசரின் துருத்தி. ஆனால் சனிக்கிழமை நீங்கள் அங்கே போய்த் தேடினாலும் தீவைக் காண மாட்டீர்கள். முன்பு றைன் நதி இந்த ஊரின் இரண்டு பக்கமும் ஓடியது. 1215 அளவில் பேர்க் நாட்டுப் பிரபு கோட்டையை முற்றுகையிட்டபோது ஒரு பக்கத்துக் கிளையை அணை போட்டு மறித்தார். தண்ணீர் வற்றியது, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. பெயர் மட்டும் தீவாகவே இருக்கிறது.

அந்தத் தீவுக்கு முதலில் வந்து குடியேறியவர்களில் பெயர் தெரிந்தவர் ஒரு மிஷனரி. சூயிட்பேர்ட் என்று பெயர். இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்த துறவி. கி.பி. 700 அளவில் இங்கே ஒரு மடம் கட்டினார். 713இல் இங்கேயே இறந்தார். ஜேர்மனிக்கு வெளிநாட்டார் வந்து சுவிசேஷம் சொன்ன காலம் அது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அவருடைய பெயரில் உள்ள கத்தோலிக்கப் பேராலயம் இன்றும் ஊரின் நடுவில் நிற்கிறது. உள்ளே அவருடைய எலும்புகளை வைத்த பொன்மயமான பேழை இருக்கிறது. அதைச் செய்து முடித்தது 1264இல். நாங்கள் புரட்டஸ்தாந்துக்காரர், எலும்புகளை வணங்குவதில்லை. ஆனாலும் அந்த வேலைப்பாட்டைப் பார்க்காமல் வரக்கூடாது. கொல்லர்கள் எத்தனை வருடம் குனிந்திருந்து அதைச் செய்திருப்பார்கள் என்று எனக்கு முதுகுதான் நோகிறது.

இனிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை. உண்மையில் நடந்தது.

1062ஆம் ஆண்டு. ஹைன்றிஷ் என்ற பையனுக்குப் பதினொரு வயது. அவன்தான் நாட்டின் அரசன். தகப்பன் ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டபடியால் தாய் அக்னெஸ் அவனுக்காக ஆட்சியைக் கவனித்தார். தாயும் மகனும் இந்தத் தீவு அரண்மனையில் தங்கியிருந்தபோது கொலோன் பேராயர் அன்னோ விருந்துக்கு வந்தார். சாப்பாடு முடிந்ததும் பையனிடம், "என்னுடைய புதுக் கப்பலை வந்து பார்க்கிறீரா?" என்கிற மாதிரி அழைத்தார். எந்தப் பையன் மாட்டேன் என்பான்? ஏறினான். ஏறினதும் துடுப்புக்காரர் கப்பலை ஆற்றின் நடுவுக்குத் தள்ளிவிட்டார்கள். தன்னைக் கொல்லப் போகிறார்கள் என்று பயந்த பையன் றைனுக்குள் குதித்தான். ஓட்டம் அவனை இழுத்தது. எக்பேர்ட் என்ற பிரபு பின்னாலேயே குதித்து, தன் உயிரைப் பணயம் வைத்து அவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றினார். கப்பல் கொலோனுக்குப் போனது. பையன் யாருடைய கையில் இருக்கிறானோ அவர்கள் கையில் நாடும் இருந்தது, அதற்காகத்தான் அத்தனையும். கடத்தியவர் ஒரு பேராயர் என்பதை நான் மறைக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பிள்ளையை நினையுங்கள். பிறகு, ஆற்றுப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். நான் தாதியாகச் சொல்கிறேன்: றைன் மேலே அமைதியாகத் தெரியும், கீழே இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது கொண்டுபோயிருக்கிறது.

நாங்கள் பார்க்கப் போகிற கோட்டை அதற்கு நூறு வருடத்துக்கு மேல் பிந்தியது. பார்பறோஸா, அதாவது செந்தாடி, என்று பெயர் பெற்ற பேரரசர் பிரெடெறிக் கட்டியது. நெதர்லாந்தில் தீல் என்ற ஊரில் இருந்த றைன் சுங்கச்சாவடியை 1174இல் இங்கே மாற்றினார். மேலும் கீழும் போகிற வணிகப் படகுகள் இங்கே நின்று வரி கட்ட வேண்டும். கோட்டை அந்தப் பணப்பெட்டிக்குக் காவல். மதில் சில இடங்களில் நான்கு மீற்றருக்கும் அதிகமான தடிப்பு. உங்கள் படுக்கையறையின் நீளத்தை அளந்து பாருங்கள், தடிப்பு எவ்வளவு என்று விளங்கும். 1184ஆம் ஆண்டைக் குறிக்கிற இலத்தீன் கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. இன்னொரு கல்வெட்டில், நீதியை நிலைநாட்டவும் எங்கும் சமாதானம் உண்டாகவும் கட்டினேன் என்ற கருத்தில் பேரரசர் எழுதி வைத்திருக்கிறார். சுங்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஊராட்சியைப் பற்றியும் சொல்லும்படி பாஸ்ரர் ஐயா கேட்டிருந்தார். பெரியவர்கள் கவனியுங்கள், இதில் எங்களுக்கு ஒரு காரியம் இருக்கிறது.

கைசர்ஸ்வேர்த் நகர உரிமை பெற்றது பக்கத்திலுள்ள டுசெல்டோர்ப்புக்கு முன்னால். டுசெல்டோர்ப்புக்கு அது கிடைத்தது 1288இல். ஆனால் பேரரசர்களுக்குப் பணமுடை வந்தபோதெல்லாம், எங்கள் வீடுகளில் தாலிக்கொடியை அடைவு வைக்கிற மாதிரி, இந்த ஊரையும் சுங்கத்தையும் சேர்த்து அயல் பிரபுக்களிடம் அடைவு வைத்தார்கள். மீட்கவே இல்லை. 1424இல் கொலோன் பேராயர் கைக்குப் போனது. 1702இல் ஸ்பானிய அரசுரிமைப் போர் வந்தது. ஊருக்குள் பிரெஞ்சுப் படை, வெளியே பிரஷ்யா, ஒல்லாந்துப் படைகள். வாரக்கணக்காகக் குண்டு விழுந்தது. ஊரில் பெரும்பகுதி அழிந்தது. பிறகு கோட்டையையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நாங்கள் பார்க்கப் போவது அந்த மிச்சம்தான். இரு பக்கமும் ஊரைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்கள். ஊரில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இங்கே இருக்கிற பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு நெப்போலியன் காலத்தில் பேர்க் என்ற நாட்டோடும், 1815இல் பிரஷ்யாவோடும் சேர்ந்தது. 1929இல் டுசெல்டோர்ப் மாநகரத்தோடு இணைத்தார்கள். அதனால் இன்று அதற்குத் தனி நகரபிதா இல்லை. டுசெல்டோர்ப் பத்து மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கைசர்ஸ்வேர்த் ஐந்தாம் மாவட்டத்தில் இருக்கிறது. ஏறக்குறைய எட்டாயிரம் பேர் வாழ்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மக்கள் தெரிவு செய்கிற ஒரு சிறிய சபை உண்டு. விளையாட்டு மைதானம், தெருத் திருத்தம், மரம், வாசிகசாலை போன்ற உள்ளூர்க் காரியங்கள் அங்கேதான் பேசப்படும். மற்றவை மாநகர சபைக்கும் நகரபிதாவுக்கும் போகும். இந்த மாநிலத்தில் உள்ளூராட்சித் தேர்தலில் 16 வயதிலேயே வாக்குப் போடலாம். எங்கள் பிள்ளைகளில் ஜேர்மன் பாஸ்போர்ட் உள்ளவர்கள் போடலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டோடு இருக்கிற அப்பா அம்மா போட முடியாது. சில வீடுகளில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மட்டும் வாக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளை வாக்குச் சீட்டைக் குப்பையில் போட்டால் அந்த வீட்டுக்கு ஊராட்சியில் குரலே இல்லை. பிள்ளைகளே, அந்தக் கடிதம் வந்தால் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். இரண்டு பேரும் கூடிப் பேசிவிட்டுப் போய்ப் போடுங்கள்.

இந்த ஊரில் பிறந்த ஒரு மனிதரைச் சொல்லாமல் விட முடியாது. பிரெடெறிக் ஸ்பே. 1591இல் பிறந்தார், இயேசு சபைத் துறவி. அந்தக் காலத்தில் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டிப் பெண்களைச் சித்திரவதை செய்து எரித்தார்கள். வேதனை பொறுக்காமல் அந்தப் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள், ஒப்புக்கொண்டதே சாட்சி. இப்படி வதைத்தால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்று ஸ்பே இலத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். 1631இல் அது வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் இல்லை. போட்டிருந்தால் அவரையும் பிடித்திருப்பார்கள். நான்கு வருடம் கழித்து திரியர் நகரத்தில் கொள்ளைநோய் பிடித்த போர்வீரர்களைப் பராமரித்தார். அந்த நோய் தொற்றி 44 வயதில் இறந்தார். அவர் எழுதிய கீதங்களை ஜேர்மன் சபைகளில், கத்தோலிக்கர் புரட்டஸ்தாந்தர் இரு பகுதியாரும், வருகைக்காலத்தில் இன்றும் பாடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் முகக்கவசம் போதாத நாட்களில் நான் இவரை அடிக்கடி நினைத்தேன்.

இப்போது தாதியின் காரணத்துக்கு வருவோம்.

1822 ஜனவரியில் தியோடோர் பிளீட்னர் என்ற இளம் போதகர் இந்த ஊருக்கு வந்தார். இருபத்திரண்டு வயது. ஊர் முழுக்கக் கத்தோலிக்கர். புரட்டஸ்தாந்துச் சபை மிகச் சிறியது. அந்தச் சபையாரில் பெரும்பாலானோருக்கு வேலை கொடுத்தது ஒரு வெல்வெட் துணித் தொழிற்சாலை. அவர் வந்து கொஞ்ச நாளில் தொழிற்சாலை முறிந்துபோனது. சபையாருக்கு வேலை இல்லை, சபைக்குக் காணிக்கை இல்லை, போதகருக்குச் சம்பளம் இல்லை. நல்ல ஊர்களிலிருந்து அழைப்பு வந்தும் அவர் போகவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நெதர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் காணிக்கை கேட்டுப் புறப்பட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து சபைக்கு ஒரு வைப்புநிதி சேர்த்தார். வாடகை மண்டபத்தில் கூடுகிற எங்களுக்கு, மாதக் கடைசியில் பொருளாளர் அண்ணையின் முகத்தைப் பார்க்கிற எங்களுக்கு, இந்தப் பகுதி நன்றாக விளங்கும்.

அந்தப் பயணத்தில் பணத்தோடு வேறொன்றையும் கொண்டுவந்தார். நெதர்லாந்தின் மெனொனைட் சபைகளில் பெண்கள் ஏழைகளையும் நோயாளிகளையும் பார்க்கிற பொறுப்பில் இருந்ததைக் கண்டார். ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் சொல்லுகிற பெபேயாள் அவருடைய நினைவுக்கு வந்தாள். இங்கிலாந்தில் எலிசபெத் பிறை அம்மையார் சிறைப் பெண்களிடம் செய்த ஊழியத்தையும் அறிந்தார். திரும்பி வந்து டுசெல்டோர்ப் சிறைக்குப் போகத் தொடங்கினார்.

1833இல் சிறையிலிருந்து விடுதலையான ஒரு பெண் போக இடமில்லாமல் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். பிளீட்னரும் மனைவி பிறீடெறிக்கேயும் அவளைத் தங்கள் தோட்டத்தில் இருந்த சின்ன வீட்டில் தங்க வைத்தார்கள். ஒரு கோழிக்கூட்டைவிடக் கொஞ்சம் பெரிது. மேல் தட்டில் படுக்கை. ஏணியால் ஏற வேண்டும். இரவில் ஏணியை எடுத்துவிடுவார்கள். பாதுகாப்புக்கா, ஓடிவிடாமல் இருக்கவா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. இரண்டுக்கும்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தோட்ட வீடு இன்னும் நிற்கிறது. கோட்டையைப் பார்த்துக் களைத்தவர்கள்கூட அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

மூன்று வருடம் கழித்து, 1836 ஒக்டோபரில், ஊரிலேயே பெரிய வீடு ஒன்றைக் கடனுக்கு வாங்கி வைத்தியசாலை தொடங்கினார்கள். முதல் நோயாளி ஒரு கத்தோலிக்க வேலைக்காரப் பெண். பயிற்சிக்கு முதலில் வந்தவர் கேர்ட்றூட் றைஹார்ட். வயது 48. வைத்தியரின் மகள், தகப்பனுக்குக் கைவேலை செய்து பழகியவர். வந்து பார்த்தபோது ஒரு மேசை, கை உடைந்த கதிரைகள், தேய்ந்த கத்திகள், பூச்சி அரித்த கட்டில்கள். வந்த வழியே போய்விடலாமோ என்று தயங்கினாராம். நானாக இருந்தால் முதலில் வெள்ளைத் துணி எத்தனை இருக்கிறது என்று கேட்டிருப்பேன். ஏழே ஏழு படுக்கை விரிப்புகள்தான் இருந்தன. அவர் நின்றுவிட்டார்.

ஏன் இது பெரிய காரியம்? அந்தக் காலத்தில் கல்யாணம் செய்யாத பெண்ணுக்குத் தகப்பன் வீடு, அண்ணன் வீடு, இல்லாவிட்டால் பிறர் வீட்டு வேலை. கத்தோலிக்கருக்குக் கன்னியர் மடம் இருந்தது. புரட்டஸ்தாந்துப் பெண்களுக்கு ஒன்றுமில்லை. வைத்தியசாலையில் நோயாளிகளைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் படிப்பில்லாத கூலிக்காரர்; அந்த வேலைக்கு மானம் இல்லை. கைசர்ஸ்வேர்த் அதை மாற்றியது. கிராமத்துப் பெண்களுக்கு வாசிக்க, எழுத, காயம் கட்ட, மருந்து கலக்கக் கற்றுக் கொடுத்தார்கள். கல்யாணமான மரியாதைப்பட்ட பெண்கள் அணிகிற நீல உடுப்பையும் வெள்ளைத் தொப்பியையும் கொடுத்தார்கள். தனியே தெருவில் போனாலும் யாரும் குறை சொல்ல முடியாது. முதலில் ஐந்து வருடத்துக்கு இணங்கி வந்தார்கள். ஆயுள் முழுவதற்கும் சத்தியம் கிடையாது. தாய்வீடு அவர்களை முதுமையிலும் பார்த்துக்கொண்டது. இங்கே டியாக்கோனி என்று எல்லா ஊரிலும் நீங்கள் பெயர்ப்பலகை பார்க்கிறீர்களே, அதன் வேர்களில் ஒன்று இந்த வீடு.

பெயர் பெரும்பாலும் போதகருக்கே போகிறது. வீட்டை நடத்தியவர் பிறீடெறிக்கே. அடுக்களை, கணக்கு, சகோதரிகளின் ஒழுங்கு, சண்டை, எல்லாம் அவர் தலையில். இடையே பிள்ளைகளைப் பெற்றார், பலரைப் புதைத்தார். 1842இல் பிள்ளைப்பேற்றோடு இறந்தபோது அவருக்கு வயது 42. அவருடைய இடத்துக்கு வந்த இரண்டாவது மனைவி கரொலீனே, 1864இல் கணவர் இறந்த பிறகும் ஏறக்குறைய இருபது வருடம் அந்த வீட்டை நடத்தினார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது பெண்களின் பெயர்களையும் நின்று வாசியுங்கள்.

இங்கிருந்து சகோதரிகள் 1846இல் லண்டனில் இருந்த ஜேர்மன் வைத்தியசாலைக்கும், 1849இல் அமெரிக்காவில் பிற்ஸ்பேர்க்குக்கும், 1851இல் எருசலேமுக்கும், பிறகு கொன்ஸ்தாந்திநோபிளுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் பெய்றூத்துக்கும் போனார்கள். சம்பளமில்லாத ஒரு போதகரின் தோட்டத்து வீட்டிலிருந்து.

பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்த ஒருவர் இங்கே வருகிறார்: புளோரன்ஸ் நைட்டிங்கேல். ஆங்கிலேயப் பணக்காரக் குடும்பத்துப் பெண். தாதி வேலைக்குப் போகப் போகிறேன் என்றதும் வீட்டில் அழுகையும் கோபமும். குடும்ப மானம் என்னாவது, யார் கல்யாணம் செய்வான்? இது விக்டோரியா காலத்து இங்கிலாந்தா, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையா என்று எனக்குச் சில நேரம் சந்தேகம் வரும். 1850இல் இரண்டு வாரம் வந்து பார்த்தார். அடுத்த வருடம், 31 வயதில், மூன்று மாதம் தங்கிப் பயின்றார். காலை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் இன்றைக்கும் மாறவில்லை என்று எங்கள் தாதிமார் எல்லோரும் சாட்சி சொல்வார்கள்.

பின்னாளில் அவர் வெளிப்படையாகச் சொன்னார்: கைசர்ஸ்வேர்த்தில் தாதியியல் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை, சுத்தம் மிக மோசம். அதே மூச்சில், அவ்வளவு தூய்மையான அர்ப்பணிப்பைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்றும் எழுதினார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். மேடைகளில் இரண்டாவதை மட்டும் சொல்கிறார்கள். அன்பு நிறைந்த கை கழுவப்படாமல் இருந்தால் காயத்தில் சீழ் வைக்கும். நைட்டிங்கேல் 1860இல் லண்டனில் தொடங்கிய பாடசாலையில் அந்தக் குறையைத் திருத்தத்தான் பாடுபட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. சபையில் சம்பளத்தைப் பற்றிப் பேசலாமா என்று தெரியாது, பேசுகிறேன். அந்தச் சகோதரிகளுக்குச் சம்பளம் கிடையாது. உணவு, உடை, தங்குமிடம், கொஞ்சம் கைச்செலவு. அந்தக் காலத்தில் அது அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம்; நான் குறை சொல்லவில்லை. ஆனால் பராமரிக்கிற பெண்ணுக்குக் காசு முக்கியமில்லை என்ற எண்ணம் அந்த உடுப்போடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு இந்தக் காலம் வரை வந்துவிட்டது. நான் வேலை செய்த ஓரிடத்தில், நாற்பது நோயாளிகளுக்கு இரவில் இன்னொரு தாதி வேண்டும் என்று கேட்டபோது, "உங்களுடையது தேவ அழைப்பு அல்லவா" என்று பதில் வந்தது. அழைப்பு இருக்கிறது. அதோடு இரண்டு கைதான் இருக்கிறது. 1960களில் இந்த நாட்டு வைத்தியசாலைகளுக்கு ஆள் போதாமல் கேரளத்திலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் இளம் பெண்களை வரவழைத்தார்கள். இன்றும் வரவழைக்கிறார்கள். ஏன் ஆள் போதவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பதிலிலும் ஒரு பங்கு இருக்கிறது.

இதே சபையில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளையை இவ்வளவு படிப்பித்துப்போட்டு கிழவர்களைக் கழுவ விடுறதோ அன்ரி?" அவருடைய கவலை எனக்கு விளங்கியது. கழுவுவது உண்மைதான். கழுவும்போது முதுகில் சிவந்த இடம் புண்ணாகப் போகிறதா, மூச்சு எப்படி, நேற்றுப் பேசியவர் இன்று ஏன் பேசவில்லை என்று பார்க்கிற கண்ணுக்குத்தான் மூன்று வருட அவுஸ்பில்டுங். பாடசாலைக் காசு கட்டத் தேவையில்லை. படிக்கிற காலத்திலேயே மாதச் சம்பளம் வரும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையும் சேரலாம், ஆண் பிள்ளைகளும் சேரலாம். விரும்புகிறவர்கள் பிறகு பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். விருப்பம் இல்லாத பிள்ளையை அனுப்ப வேண்டாம், நோயாளிகள் பாவம். விருப்பமுள்ள பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்.

ஒரு துக்கமான காரியத்தையும் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்தத் தாய்வீட்டில் யோஹன்னா, எர்னா அவுப்றிஷ்ற் என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள், யூத வழியில் வந்தவர்கள், கைசர்ஸ்வேர்த்தின் நீல உடுப்பில் வருடக்கணக்காக ஊழியம் செய்தவர்கள். நாசிகள் அந்த உடுப்பின் மேல் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வைத்து அவர்களைத் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழி அவுஷ்விற்ஸ் வரை போனது. இவ்வளவு நன்மை செய்த வீட்டின் சுவர் அவர்களைக் காக்கவில்லை. நான்கு மீற்றர் மதிலைப் பற்றிச் சொன்னவள் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது? 1975இல் திறந்த பெரிய வைத்தியசாலைக்கு நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தாதியியல் பாடசாலையும் முதியோர் இல்லங்களும் இருக்கின்றன. சகோதரிகளின் தொகை குறைந்தபடியால், 1903இல் கட்டிய தாய்வீடு இப்போது ஹோட்டல். தாதிப் பணியின் வரலாற்றைக் காட்டுகிற ஒரு அருங்காட்சியகமும் உண்டு. பழைய ஊசிகள், கண்ணாடிப் போத்தல்கள், நீல உடுப்புகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஊசிக்குப் பயந்த பிள்ளைகள் என் பக்கத்தில் நில்லுங்கள்.

போகிற வழி. டுசெல்டோர்ப் பிரதான நிலையத்தில் யு79 ஏறினால் கிளெமென்ஸ்பிளாற்ஸில் இறங்கலாம்; டுயிஸ்பேர்க் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் அதே ரயில்தான். அங்கிருந்து சந்தைத் தெரு வழியாக நடந்தால் பழைய செங்கல் வீடுகள், பிறகு பேராலயம், பிறகு கோட்டை. கோட்டைக்குக் கட்டணம் இல்லை. படிகள் சீரில்லாதவை, முழங்கால் நோ உள்ள அம்மாமார் மேலே ஏற வேண்டாம், கீழேயே ஆற்றங்கரையில் வாங்கு இருக்கிறது, நல்ல காற்று வரும். விமான நிலையம் பக்கத்தில் என்பதால் தலைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய சந்தோசம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, விரும்பியவர்கள் கார் ஏற்றுகிற சிறிய பாதைப் படகில் அக்கரை லாங்ஸ்ற்-கியேர்ஸ்ற் வரை போய் வரலாம். எங்களுடைய ஊர்த்துறைப் பாதையை நினைவுள்ளவர்கள் கட்டாயம் ஏற வேண்டும்.

ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு நான்கு வேலை. கோட்டைக் கல்வெட்டில் 1184 இலத்தீனில் எப்படி எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். றைன் கரையில் கிலோமீற்றர் பலகைகள் நிற்கும். கொன்ஸ்தான்ஸ் பாலத்திலிருந்து எண்ணி வருகிறார்கள். எங்களுக்குப் பக்கத்துப் பலகையில் என்ன எண் என்று எழுதுங்கள். தோட்ட வீட்டை உங்கள் காலடியால் அளந்து, அதற்குள் எத்தனை பேர் படுக்கலாம் என்று சொல்லுங்கள். நான்காவது, அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைத் தெரிவு செய்து, அது எதற்கு என்று அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ தமிழில் விளக்க வேண்டும். விடைகளை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் தாருங்கள்.

சாப்பாடு ஆளுக்கு ஒரு பொதி; மகளிர் சங்கம் பொறுப்பு எடுத்திருக்கிறது. நீரிழிவு மாத்திரை எடுக்கிறவர்கள் மறக்காமல் கொண்டு வாருங்கள், ஒரு போத்தல் தண்ணீரும் குடையும். காலை ஒன்பது மணிக்கு நிலையத்தில், பூக்கடைக்கு முன்னால்.